பெயர் சொல்லாத எண்ணெய்

பாமாலிவ் சோப்பு தெரியும் இல்லையா? 1898-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பி.ஜே. ஜான்சன் கம்பெனி போட்ட சோப்பு. பாமாயிலும் ஆலிவ் ஆயிலும் சேர்த்துச் செய்ததால் அந்தப் பெயர். உள்ளே இருக்கும் சரக்கை நெற்றியிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு விற்றார்கள். அதுவும் பெருமையாக!

நூறு வருஷம் கழித்துப் பார்த்தால், அதே எண்ணெய் பல நாடுகளில் பாக்கெட்டின் முதுகில் 'தாவர எண்ணெய்' என்று பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்திருந்தது. நடுவில் என்ன ஆயிற்று?

ஃபில் சொகோலோஃப் என்று ஒரு அமெரிக்கத் தொழிலதிபர். 1966-ல், 43 வயதிலேயே மாரடைப்பு. பிழைத்து எழுந்தவர், கொழுப்பின் மேல் போர் தொடுத்தார். 1988-ல் சொந்தக் காசைப் போட்டுப் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம். பாமாயிலும் தேங்காய் எண்ணெயும் அமெரிக்காவுக்கு வைக்கப்படும் விஷம் என்று தாக்கினார்.

அவருக்காவது இதய வலி. அதே சமயத்தில் களத்தில் நின்ற இன்னொரு கோஷ்டி, அமெரிக்க சோயா விவசாயிகள் சங்கம். 'பாமாயில் இருந்தால் லேபிளில் பளிச்சென்று போடு' என்று அவர்களும் குரல் கொடுத்தார்கள். இதயத்தைவிட மார்க்கெட் மேல்தான் அக்கறை. 'இது ஆரோக்கியமல்ல, வியாபாரப் போட்டி' என்று மலேசியா கொதித்தது. தப்பில்லை. அங்கே ரப்பருக்குப் பிறகு எஸ்டேட்டுகளில் செம்பனைக் குலை வெட்டியவர்களில் நம் தமிழர்களும் ஏராளம்.

பிஸ்கட் கம்பெனிகள் பயந்துபோய்ப் பாமாயிலைக் கைகழுவின. பதிலுக்கு வந்தது, வனஸ்பதி பாணியில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா எண்ணெய். 1990-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் குண்டு போட்டார்கள். அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதோடு நல்ல கொலஸ்ட்ராலையும் இறக்குகிறதாம்! 2003-ல் அமெரிக்க அரசு, டிரான்ஸ் கொழுப்பின் அளவை லேபிளில் போட்டே ஆகவேண்டும் என்று உத்தரவிட்டது. 2006 ஜனவரி 1 முதல் அமல்.

கம்பெனிகள் என்ன செய்தன? ஹைட்ரஜன் ஏற்றாமலே கெட்டியாக நிற்கும் எண்ணெயைத் தேடின. எது அது? பாமாயில்! ஒரு லேபிள் கோஷத்தால் வெளியே போனதை இன்னொரு லேபிள் உள்ளே கூட்டிவந்தது.

இந்தத் தடவை விலை கொடுத்தது காடு. உலகப் பாமாயிலில் முக்கால்வாசிக்கு மேல் வருவது இந்தோனேஷியா, மலேசியாவிலிருந்து. சுமத்ராவிலும் போர்னியோவிலும் காடு தோட்டமாக மாற மாற, உராங்குட்டான் வீடிழந்தது. 2009-ல் நியூஸிலாந்தில் காட்பரி, டெய்ரி மில்க்கில் கோகோ வெண்ணெயைக் குறைத்துப் பாமாயில் சேர்த்தது. ஆக்லாந்து மிருகக்காட்சி சாலை தன் கடையிலிருந்து காட்பரியைத் தூக்கியது. ஜனங்கள் திட்டித் தீர்க்க, அதே வருஷம் கம்பெனி பின்வாங்கியது.

அதே 2009-ல் மெல்போர்ன் மிருகக்காட்சி சாலையும் லேபிள் கேட்டுப் பிரசாரத்தில் இறங்கியது. விஷயம் ஆஸ்திரேலியப் பார்லிமென்ட் வரை போனது. 2011 ஜூனில் செனட்டில் மசோதா பாஸ். கீழ்ச் சபையைத் தாண்டவில்லை. ஐரோப்பிய யூனியன் சாதித்தது. 2014 டிசம்பர் 13 முதல், உணவுப் பாக்கெட்டில் வெறும் 'தாவர எண்ணெய்' என்று போட்டுத் தப்பிக்க முடியாது. எந்தச் செடி என்று சொல்லியாக வேண்டும். ஆனால் அது உணவுக்கு மட்டும். சோப்புக்கும் ஷாம்புவுக்கும் கிடையாது. அங்கே இன்னமும் வாயில் நுழையாத ரசாயனப் பெயர்கள்தான்.

பாமாயில் வில்லனா? அப்படியும் சொல்ல முடியாது. ஒரு ஹெக்டேரில் சோயாவைவிடப் பல மடங்கு எண்ணெய் தரும் மரம் அது. அதை ஒழித்துவிட்டு சோயா போட்டால், இன்னும் அதிகக் காடு போகும். லேபிள் எதையும் தடை செய்வதில்லை. சொல்லிவிட்டு விற்கச் சொல்கிறது, அவ்வளவுதான். மாரடைப்பு வந்தவர், போட்டி வியாபாரி, மிருகக்காட்சி சாலை... கேட்டவர்களின் காரணம் மாறியது. கேள்வி மாறவில்லை: 'உள்ளே என்ன?'

2007-லிருந்து நம்மூர் ரேஷன் கடையில் மலிவு விலைக்குத் தருகிறார்கள். அங்கே போய் யாரும் 'தாவர எண்ணெய் இருக்கா?' என்று கேட்பதில்லை.

'பாமாயில் வந்துடுச்சா?' என்றுதான் கேட்கிறார்கள்.