ஒரு திருத்தமும் நம் ஞாபகமும்



கால்சியம் எலும்புக்கும் பல்லுக்கும் தேவை என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறேன். நம் ஞாபகத்துக்கும் அது தேவை என்பது தெரியவந்த கதையை இன்று சொல்கிறேன். கதை தொடங்குவது ஒரு தவளையின் இதயத்தில்.

லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்து, 1882-ல் கட்டுரை வெளியிட்டார். பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்காமல் குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள் என்று. சொல்லாமல் விட்டிருக்கலாம். அவரோ வடித்த நீரில் மறுபடி செய்து பார்த்தார். துடிப்பு தளர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த சிறிதளவு கால்சியம்தான் அதைத் துடிக்க வைத்திருக்கிறது! நடந்ததை அப்படியே 1883-ல் அச்சில் எழுதினார்.

1960-களில் பெர்னார்ட் காட்ஸும் ரிக்கார்டோ மிலேடியும், நரம்பு முனை செய்தி அனுப்பவும் கால்சியம் வேண்டும் என்று காட்டினார்கள். 1973-ல் டிம் பிளிஸும் டெர்யே லோமோவும் ஆஸ்லோவில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். முயல் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் ஒரு நரம்புப் பாதையைச் சில விநாடிகள் வேகமாகத் தூண்டினால், அந்த இணைப்பு பல மணி நேரம் வலுவாகவே இருந்தது. ஞாபகம் பதிவது இப்படித்தானோ என்று எல்லோரும் யோசித்தார்கள்.

ரிங்கரின் திருத்தம் வந்து சரியாக 100 ஆண்டு கழித்து, 1983-ல், கேரி லிஞ்ச் குழுவினர் ஹிப்போகேம்பஸ் செல்லுக்குள் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பொருளைச் செலுத்தினார்கள். இணைப்பு வலுப்பெறவில்லை. அடுத்த ஆண்டே வாசல் தெரிந்தது. செய்தி வாங்கும் செல்லின் கதவை மக்னீசியம் அடைத்திருக்கிறது. செய்தி வருவதும் செல் விழித்திருப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் அடைப்பு விலகும், கால்சியம் உள்ளே வரும். அது ஒரு நொதியைத் தட்டி எழுப்ப, இணைப்பு பலப்படுகிறது. மெதுவாக, குறைவாக வந்தால் இணைப்பு தளர்கிறது. அந்த நொதி இல்லாத எலிகள் இடம் கற்றுக்கொள்ளத் திணறியதை 1992-ல் கண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஞாபகத்துக்கென்று கால்சியம் மாத்திரை வாங்கிவிடாதீர்கள். செல் தனக்குள் இருக்கும் கால்சியத்தை, வெளியே இருப்பதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்காகவே வைத்துக் காக்கிறது. அதனால்தான் துளி வந்தாலும் அது செய்தியாகிறது.

ஆய்வகங்களில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கணக்கு ஒத்துவராத நாளில் ரிங்கரை நினைத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அது எங்கே போய்ச் சேரும் என்று அவருக்கும் தெரியாது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்