ஆண்டிஸ் அடிவாரத்தில் ஓர் அரபுச் சொல்

அர்ஜென்டினா நாட்டின் மேற்கே, ஆண்டிஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் மெண்டோசா என்னும் நகரம் இருக்கிறது. அதன் தெருவோரங்களிலெல்லாம் சிறு வாய்க்கால்கள் செல்கின்றன. அவற்றின் நீரை உண்டே சாலை மரங்கள் நிழல் விரிக்கின்றன. அவ்வாய்க்காலை அவ்வூரார் 'அசேக்கியா' என்பர். அரபி கற்றோர் செவிக்கு அச்சொல் அந்நியமன்று. நீர் புகட்டுவது என்று பொருள்படும் 'அஸ்ஸாகியா'தான் அந்தலூஸில் ஸ்பானியர் நாவில் உருமாறி, பின்னர் கடல் கடந்து சென்று அங்கே குடியேறியிருக்கிறது.

சொல் அரபியென்று கண்டதும், வாய்க்காலும் அரபிகளின் கொடையே என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். நம்மவரிடம் இப்பழக்கம் சற்று மிகுதி! வரலாறு அதற்கு இடந்தரவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையே பெறும் வறள்நிலம் அது. மலைப்பனி உருகி வரும் மெண்டோசா ஆறே அதற்கு உயிர். 1561இல் சிலியிலிருந்து மலை கடந்து வந்த பெத்ரோ தெல் காஸ்தில்யோ அந்நகரை நிறுவியபோது, ஹுவார்ப்பே என்னும் பழங்குடியினர் ஏற்கெனவே அந்த ஆற்றுநீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, மக்காச்சோளம் விளைத்துக்கொண்டிருந்தனர். வந்தவர்கள் வாய்க்காலை எடுத்துக்கொண்டார்கள். வெட்டியவர்களில் பலரை மலைக்கு அப்பால் சாந்தியாகோவுக்குக் கட்டாய வேலைக்கு ஓட்டிச் சென்றார்கள். வெட்டியவர் மொழியில் அதற்கு என்ன பெயரோ, அது வழக்கொழிந்தது; அரபுப் பெயர் நிலைத்தது.

1776 வரை மெண்டோசா சிலி ஆட்சியைச் சார்ந்திருந்தது. 1817இல் சான் மார்த்தீன் இங்கிருந்தே படை திரட்டி, மலையேறிச் சென்று, சிலியின் விடுதலைக்கு வழி செய்தார். 1861 மார்ச் 20ஆம் நாள் இரவு நிலநடுக்கம் ஊரைத் தரைமட்டமாக்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இடிபாடுகளுக்கு அருகே புதுநகர் எழுந்தது. இனியொரு நடுக்கம் வந்தால் மக்கள் ஓடி நிற்க இடம் வேண்டுமென்று, அகன்ற வீதிகளும் பெரிய சதுக்கங்களும் அமைத்தனர். வாய்க்கால்களை மட்டும் அவர்கள் விட்டுவிடவில்லை.

1885இல் ரயில் வந்தது. இத்தாலியரும் ஸ்பானியரும் பெருந்திரளாகக் குடியேறினர். திராட்சைத் தோட்டங்கள் பரந்தன. மது வாணிகத்தை நாம் பாராட்டுவதற்கில்லை. ஆயினும் நகரின் செல்வம் பெரும்பாலும் அதிலிருந்தே வந்தது என்பதை மறைப்பது வரலாறாகாது.

நம் கருத்தைக் கவர்வது அங்குள்ள நீர்ச் சட்டம். 1884இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி, பாசன உரிமை நிலத்தோடு பிணைந்தது. நிலத்தை விட்டு நீரை மட்டும் தனியே விற்க இயலாது. வாய்க்காலைக் கண்காணிப்பவரைப் பாசனதாரர்களே தேர்ந்தெடுக்கின்றனர். நீரின் மீது அவ்வூரார்க்குள்ள பற்றும் சிறிதன்று. சுரங்கங்களில் நச்சுப் பொருள்களைத் தடுத்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை 2019 டிசம்பரில் சட்டமன்றம் தளர்த்தியபோது, மக்கள் திரண்டு வீதிக்கு வந்தனர். சில நாட்களிலேயே அத்திருத்தம் நீக்கப்பட்டது.

ஆனால் அந்த ஆறு நகரோடு முடிவதில்லை. வடகிழக்கே குவானகாச்சே ஏரிகள் வரை அது சென்றுகொண்டிருந்தது. ஹுவார்ப்பேயர் அங்கே கோரைப் படகுகளில் மீன் பிடித்து வாழ்ந்தனர். மேலே பாசனம் பெருகப் பெருகக் கீழே வரத்துக் குன்றி, ஏரிகள் வற்றின. முதலில் வாய்க்கால் வெட்டியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அவ்வறண்ட மணலில் ஆடு மேய்க்கின்றனர்.