பதிலுக்கு ஆளில்லாத கடமை: மலையகத் தாதியரும் சுகவீன விடுமுறையும்

உடம்புக்கு முடியாமல் ஒரு நாள் லீவு போட்ட தாதி, அந்த நாள் முழுக்கத் தப்புச் செய்துவிட்டவர் போலப் படுத்துக்கிடப்பது தாதியர் உலகில் எங்கும் கேட்கிற பேச்சு. இதைச் சேவை மனப்பான்மை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பாராட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் வராத நாளின் நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தே இந்த உணர்வு பிறக்கிறது என்பது என் வாதம். இதைச் சோதித்துப் பார்க்க ஹட்டன், நுவரெலியா வட்டாரம் தோதான இடம். தேயிலை மலையும் அரச வைத்தியசாலையும் அங்கே அருகருகே இருக்கின்றன.

முதலில் மலையைப் பார்ப்போம். காலையில் பிரட்டுக்கு (ஆளெடுக்கும் இடத்துக்கு) வராதவருக்குச் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் எழுத்தருக்கு நோய்க்கும் சொந்த அலுவலுக்குமாக ஆண்டில் 7 நாள் விடுமுறை தருகிறது. கொழுந்து பறிப்பவர் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. 2013 கூட்டு ஒப்பந்தம் இந்த நெருக்கடியை இன்னும் இறுக்கியது. அதன்படி நாட்சம்பளம் 620 ரூபா. அதில் அடிப்படை 450, விலைப்பங்கு 30, மீதி 140 வருகைக்கான ஊக்குவிப்புத் தொகை. வேலை வழங்கப்பட்ட நாள்களில் 75 வீதம் வந்திருந்தால்தான் இந்த 140 கிடைத்தது. மாதம் 25 நாள் வேலை என்றால் 19 நாள் வந்தாக வேண்டியிருந்தது. 18 நாளோடு நின்றவருக்கு வராத நாளின் கூலி போனதோடு, வந்த நாள்களுக்கான 2,520 ரூபாவும் போயிற்று. காய்ச்சலோடு கொழுந்துக்கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2016இல் இந்தத் தொகை 60ஆகக் குறைந்தது, 2019இல் நீங்கியது, 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாளுக்கு 200 ரூபாவாக, இம்முறை அரசின் செலவில், திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் கொழுந்து பறிப்பவர் மனத்தில் இருப்பது பயம்; குற்றவுணர்வு இல்லை. அவர் வராத நாளில் அவருடைய நிரையில் கொழுந்து முற்றினால் நட்டம் தோட்டத்துக்கு. பக்கத்து நிரைக்காரி கூடுதலாகப் பறித்தால் அந்தக் கிலோவுக்குக் காசு கிடைக்கும். ‘நீ வராததால் நான் செத்தேன்’ என்று அவரிடம் யாரும் சொல்லப் போவதில்லை.

வைத்தியசாலையில் நிலைமை தலைகீழ். இந்திய உதவியில் கட்டப்பட்டு, 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் 150 கட்டில்களை நினைத்துக்கொள்வோம். அரச தாதிக்கு மாதச் சம்பளம் உண்டு. தாபன விதிக்கோவைப்படி ஆண்டில் 45 நாள் விடுமுறை உண்டு. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தால் சம்பளம் வெட்டப்படாது. பணக்கணக்குப்படி நிம்மதியாகத் தூங்க வேண்டியவர் அவர்தான். அப்படியிருந்தும் தூக்கம் வருவதில்லை. காரணம் கடமை மாற்றத்தில் இருக்கிறது. காலை ஆள் வந்து பொறுப்பேற்காமல் இரவுக் கடமையில் நின்றவர் வாட்டை விட்டு இறங்க முடியாது. விடியற்காலையில் ‘மிஸ்ஸி, இன்றைக்கு எனக்கு ஏலாது’ என்று ஒரு அழைப்பு வந்ததும், சுவரில் தொங்கும் கடமைப் பட்டியலில் ஒரு பேர் வெட்டப்பட்டு இன்னொரு பேர் எழுதப்படும். அந்த இன்னொரு பேர்க்காரர், ஊருக்குப் போவதற்காக நாள்களைச் சேர்த்துவைத்து, குவாட்டர்ஸில் பையைக் கட்டி வைத்திருப்பவராக இருக்கலாம். நிர்வாகம் ஏற்க வேண்டிய நட்டம், இப்படித்தான் தாதியருக்குள்ளேயே கைமாறுகிறது. அதைச் சுமப்பவர் முகம் தெரிந்தவர் என்பதால் கடன்பட்ட உணர்வு வருகிறது.

மலையகத்தில் இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. தமிழ் பேசும் தாதியர் இங்கே போதாது என்பது பழைய முறைப்பாடு. லயத்திலிருந்து வரும் முதியவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். வாட்டில் தமிழ் தெரிந்த ஒரே மிஸ்ஸி வராத நாளில், நெஞ்சு எப்படி வலிக்கிறது என்று சொல்வதற்குக்கூட அவருக்கு ஆளில்லை. அந்தத் தாதியின் குற்றவுணர்வு இரட்டிப்பாவதில் வியப்பில்லை. மொழிக்கொள்கையின் தவறுக்கு ஒரு பெண்ணின் உடம்பு பிணை நிற்கிறது.

சேவை மனப்பான்மை என்பதை முற்றாகத் தள்ளிவிடலாமா என்று கேட்கலாம். தள்ள வேண்டியதில்லை. ஆனால் நோயாளியின் நலன்தான் அளவுகோல் என்றால், இருமலோடும் காய்ச்சலோடும் வாட்டுக்கு வரும் தாதியைத் திருப்பி அனுப்புவதே சேவையாகும். லண்டன் வைத்தியசாலை ஒன்றின் தாதியரை ஆராய்ந்து 1960இல் எழுதிய ஐசபெல் மென்சிஸ், வேலையின் பதற்றத்தைச் சமாளிக்க நிறுவனமே கட்டியெழுப்பும் ஏற்பாடுகள் தாதியரை எப்படி வாட்டுகின்றன என்று காட்டினார். அவருடைய உளப்பகுப்பாய்வுச் சொல்லாடல் முழுதும் எனக்கு உடன்பாடில்லை. தாதியின் மனத்தை விட்டு நிறுவனத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினாரே, அது சரி. 1977இல் சர்வதேசத் தொழில் தாபனம் நிறைவேற்றிய தாதியருக்கான 149ஆம் இலக்கச் சமவாயமும், சுகவீன விடுமுறையில் மற்றத் தொழிலாளருக்குக் குறையாத நிலையைத்தான் கோருகிறது.

இனி ஒரு சிறு கணக்கு. ஒருவருக்கு 45 நாள் என்றால் எட்டுத் தாதியருக்கு 360 நாள், கிட்டத்தட்ட ஓர் ஆண்டு. எழுதிவைத்த விடுமுறையைக் கொடுப்பதற்கு மட்டுமே எட்டுப் பேருக்குக் குறைந்தது ஒன்பதாவது ஆள் ஒருவராவது வேண்டும். அந்த ஒன்பதாவது ஆளை நியமிக்காமல் 45 நாளை அச்சிட்டுக் கொடுப்பது, காசில்லாத கணக்குக்குக் காசோலை எழுதுவதற்குச் சமம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் தாதியர் பலர் வெளிநாடு போன நிலையில் இந்த இடைவெளி இன்னும் அகன்றிருக்கிறது. 2024 தொடக்கத்தில் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் நடத்திய பணிப்புறக்கணிப்பு, வைத்தியருக்கு உயர்த்திய கொடுப்பனவைத் தமக்கும் கேட்டது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் கொடுப்பனவு எவ்வளவு உயர்ந்தாலும் விடியற்காலை அழைப்புக்குப் பதில் ஆள் வரமாட்டார்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இந்த ஒன்பதாம் ஆள் கணக்கும் உதவாது. பல இடங்களில் அங்கே இருப்பவரே ஒருவர்தான். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் யாருக்கு நோய் என்று அறிந்து உடன் நிவாரணம் தேடுவதைத் துரையின் (தோட்ட முகாமையாளரின்) கடமையாக்கியது. அந்த நிவாரணத்தைக் கொடுப்பவரே படுத்துவிட்டால் அன்றைக்குக் கதவு பூட்டிக் கிடக்கும். நோயாளி ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போக வேண்டும். செக்ரோலில் அவருடைய பேரும் அன்றைக்குப் போகும். அருகருகே உள்ள நான்கைந்து தோட்டங்கள் சேர்ந்து ஒரு பதில் மருத்துவ உதவியாளரையும் ஒரு பதில் மருத்துவிச்சியையும் வைத்துக்கொள்ளலாம். அவர்களின் சம்பளத்தைத் தோட்டங்கள் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். வருகைக்கு ஊக்கத்தொகை கொடுக்க அரசு முன்வந்திருக்கும் இந்த வேளையில், வர முடியாதவருக்குப் பதிலாள் வைக்கும் செலவிலும் ஒரு பங்கை அது ஏற்கலாம்.