தங்கவயல் வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த வழி

வீட்டுக் கம்ப்யூட்டர் பிறந்தபோது பெரும்பாலும் அதற்கென்று தனித்திரை கிடையாது. கூடத்தில் இருக்கும் டிவிதான் அதற்குத் திரை என்று நினைத்தே அதைச் செய்தார்கள். 1973 செப்டம்பரில் 'ரேடியோ எலெக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகை, டான் லங்காஸ்டர் என்பவர் உருவாக்கிய 'டிவி டைப்ரைட்டர்' படத்தை அட்டையில் போட்டது. பட்டனைத் தட்டினால் சாதாரண டிவியில் எழுத்து வரும். அந்தக் கருவி செய்தது அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் தாங்களே ஈயம் வைத்து ஒன்று செய்துகொண்டார்கள். 1977-இல் வந்த ஆப்பிள் டூ, 1982-இல் வந்த கமடோர் 64, அதே வருஷம் ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் எல்லாமே வீட்டு டிவியை நம்பி வந்தவை. ராபர்ட்சன்பேட்டையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். இந்த வரலாற்றில் எங்கள் கோலார் தங்கவயலுக்கும் ஒரு பக்கம் உண்டு. அதை இதுவரை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊருக்கு மின்சாரம் 1902-இலேயே வந்துவிட்டது. காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே கொண்டுவந்தார்கள். பெங்களூரில் விளக்கு எரிந்தது 1905-இல். அந்த மின்சாரம் வந்தது ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களுக்காக. அதற்குப் பிறகு வந்த அறிவியலும் சுரங்கத்தை ஒட்டியே வந்தது. 1965-இல் எங்கள் சுரங்கத்தின் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நியூட்ரினோ ஆராய்ச்சி செய்தன. காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடயத்தை உலகத்திலேயே முதலில் கண்டவர்களில் அவர்களும் உண்டு. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கேயே தொடங்கியது. அறிவியலுக்குத் தங்கவயலில் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் அதெல்லாம் பூமிக்கு அடியிலும் கம்பெனி வேலிக்கு உள்ளேயும் நின்றுவிட்டது. சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்த எலெக்ட்ரானிக்ஸ் இரண்டுதான்: ரேடியோ, அப்புறம் டிவி.

பெங்களூர் தூர்தர்ஷன் 1981-இல் ஆரம்பித்த பிறகு லைன்களில் டிவி பெருகியது. போனஸ் வந்த மாதத்தில் டயனோரா, சாலிடேர், பி.பி.எல்., ஈ.சி. என்று ஏதாவது ஒரு செட் வந்து இறங்கும். இரும்புப் பைப்பில் ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தி, பூஸ்டர் வைத்து, பட்டை ஒயரை ஜன்னல் வழியாக இழுப்போம். தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைடு மேடுகளை ஒட்டிய லைன்களிலிருந்து ரிப்பேருக்கு வரும் செட்டைப் பின்கவர் கழற்றியதுமே அடையாளம் தெரியும். பிக்சர் ட்யூபின் ஹை வோல்டேஜ் பக்கம் அந்த மேட்டின் வெள்ளைத் தூள் மாவு மாதிரி அப்பியிருக்கும். முதலில் பிரஷ், பிறகுதான் டெஸ்டர்.

அந்த நாளில்தான் முதல் ஸ்பெக்ட்ரம் என் மேஜைக்கு வந்தது. தங்கவயலில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. அவர்களின் சொந்தக்காரர்களில் பலர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று போய்க் குடியேறியிருந்தார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு லண்டனிலிருந்து வந்த பெட்டி அது. கறுப்பாக, ஒரு கைக்கு அடங்கும் அளவில், ரப்பர் பட்டன்களோடு இருந்தது. டிவியில் சொருகினால் படம் வரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. சொருகினார்கள், வரவில்லை. கம்ப்யூட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு வந்தார்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. சின்க்ளேர் தன் சிக்னலை யு.எச்.எஃப். 36-ஆம் சேனலில் அனுப்பும், ஏனென்றால் இங்கிலாந்து வீட்டு டிவிகள் யு.எச்.எஃப். பிடிப்பவை. நம் தூர்தர்ஷன் ஓடியது வி.எச்.எஃப்.-இல். அதனால் அந்தக் காலத்து நம்மூர் செட்டுகளில் பெரும்பாலும் வி.எச்.எஃப். ட்யூனர் மட்டும்தான் வைத்திருப்பார்கள். எவ்வளவு நேரம் குமிழைத் திருப்பினாலும் வெறும் புள்ளிதான் வரும். டிவியை நம்பி உலகத்துக்கே செய்த கம்ப்யூட்டர், இந்திய டிவியின் வாசலில் நின்றுவிட்டதற்கு விலையும் இறக்குமதி வரியும் பெரிய காரணங்கள். இந்த ட்யூனரும் ஒரு காரணம் என்பது மெக்கானிக்குகளுக்குத்தான் தெரியும்.

வழி ஒன்று இருந்தது. ஸ்பெக்ட்ரத்தின் உள்ளே மூலையில் தகரப் பெட்டி ஒன்று இருக்கும், அதுதான் மாடுலேட்டர். அதற்குள் போகும் ஒயரிலேயே வீடியோ சிக்னல் சுத்தமாக இருக்கிறது. அதை அங்கேயே பிடித்து, ஷீல்டு ஒயரில் வெளியே எடுத்து, டிவியின் ட்யூனரைத் தொடாமல் நேராக வீடியோ ஆம்ப்ளிஃபயர் தொடங்கும் இடத்தில் ஒரு கப்பாசிட்டர் வழியாகக் கொடுத்தால் படம் வந்துவிடும். ஆனால் எல்லா செட்டிலும் இதைச் செய்யக் கூடாது. அந்நாளைய பெரிய பிளாக் அண்ட் ஒயிட் செட்டுகளில் பலவற்றுக்கு டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மெயின்ஸ் கரண்ட் நேராகச் சேசிஸிலேயே நிற்கும். அதோடு கம்ப்யூட்டரின் எர்த்தைச் சேர்த்தால், அந்தப் பட்டனைத் தட்டும் பிள்ளையின் கையில் 230 வோல்ட் இருக்கும். அதனால் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் 14 இஞ்ச் போர்ட்டபிள் செட்டைத் தவிர வேறு எதிலும் நான் கை வைக்கவில்லை. அதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, சேசிஸில் கரண்ட் வராது. டெஸ்டரை வைத்துப் பார்த்து, பிளக்கைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறையும் பார்த்த பிறகுதான் ஈயம் வைத்தேன்.

செட்டை ஆன் செய்ததும் வெள்ளைத் திரையில், அடியில், ஆங்கிலத்தில் சின்க்ளேர் கம்பெனியின் பெயர் கறுப்பாக வந்து நின்றது. டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு ஓடவிட்டால் ஒரு கேம் ஏறுவதற்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும். அதுவரை திரையின் ஓரத்தில் கோடு கோடாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வரிக்கு 32 எழுத்துதான். அது கம்ப்யூட்டரின் குறை மட்டும் அல்ல. வீட்டு டிவியில் எழுத்தை மிகவும் நெருக்கினால் கண்ணுக்குத் தெரியாமல் கலங்கிவிடும். சுற்றிலும் விட்ட ஓரமும் டிவிக்காகவே, ஏனென்றால் எந்த டிவியும் படத்தின் விளிம்பைக் கொஞ்சம் ஃப்ரேமுக்குள் விழுங்கிவிடும். டிவியின் குணத்தைத் தெரிந்துகொண்டு கம்ப்யூட்டர் செய்த அந்த மனிதர்கள்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அப்போது நாட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து வரியைக் குறைத்தது. அதே கல்வியாண்டில் 'கிளாஸ்' திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், அதை இங்கேயே செய்யவும் முனைந்தது. 1989-இல் அந்தத் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. புனேயின் டெசிபெல்ஸ் கம்பெனி 1986-இல் ஸ்பெக்ட்ரத்தை 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்று உரிமத்தோடு கொண்டுவந்து சில ஆயிரம் விற்றது. 1990 வாக்கில் அதுவும் நின்றது. சுரங்கத் தொழிலாளி வீட்டுக்கு இதில் எதுவும் வரவில்லை. 250 பள்ளி என்பது இந்தியா மாதிரி ஒரு நாட்டுக்கு ஒன்றுமே இல்லை. நான் கவனித்த இன்னொன்று, அந்த பி.பி.சி. மைக்ரோவுக்குள் இருந்த சிப்பின் பெயர்: 6502. அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி, எங்கள் சுரங்கங்களைப் பின்னாளில் நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் என் மேஜையிலிருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன். புது டிவி வாங்குவது நின்றுபோனது. பதினைந்து வருஷத்துப் பழைய செட்டையும் எப்படியாவது ஓட்டிக் கொடு அண்ணா என்று கொண்டுவந்தார்கள். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் கூடி, பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். காவல் வேலை, கட்டிட வேலை, கார்மென்ட்ஸ், வீட்டு வேலை என்று கிடைத்த வேலைக்குப் போனார்கள். இரவு ரயிலில் திரும்புவார்கள்.

அந்த ரயிலில்தான் கம்ப்யூட்டர் எங்கள் லைன்களுக்கு வந்தது. பெங்களூர் எஸ்.பி. ரோடு, நேஷனல் மார்க்கெட் பக்கம் நடைபாதையில் ஐநூறு, அறுநூறு ரூபாய்க்கு 'டிவி கம்ப்யூட்டர்' விற்றார்கள். பார்ப்பதற்குக் கீபோர்டு மாதிரி இருக்கும். மேலே கேம் கேசட் சொருக ஒரு வாய், இரண்டு ஜாய்ஸ்டிக், சில பெட்டிகளில் ஒரு மவுஸ், ஒரு மஞ்சள் பின், ஒரு வெள்ளைப் பின், பழைய செட்டுக்கென்று ஒரு ஆன்டெனா ஒயர். 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ விட்ட ஃபேமிகாம் கேம் பெட்டியைப் பார்த்து, சீனாவில் யார் யாரோ செய்தவை அவை. கேசட்டில் கேம்களோடு டைப்பிங் பயிற்சி, கணக்கு, பியானோ, பேசிக் என்ற புரோகிராம் மொழி எல்லாம் இருக்கும். அந்தப் பெட்டியின் மூளை என்ன? 6502 இனத்துச் சிப்தான். ஆப்பிள் டூவில் இருந்ததும் பி.பி.சி. மைக்ரோவில் இருந்ததும் அதுவே. 250 பள்ளிகளுக்கு அரசு கொடுத்த கம்ப்யூட்டரின் சிப், ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, வேலை போன சுரங்கத் தொழிலாளியின் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸோடு சேர்ந்து தங்கவயலுக்கு வந்து இறங்கியது.

இந்த முறை ட்யூனர் தடுக்கவில்லை, பெட்டி வி.எச்.எஃப்.-இலேயே சிக்னல் கொடுத்தது. வேறு தொல்லை இருந்தது. கேபிள்காரர் ஒயரைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருக வேண்டும், முடித்ததும் திரும்ப அதைச் சொருக வேண்டும். பிடுங்கிப் பிடுங்கியே சாக்கெட் தளர்ந்து, படம் நடுங்கும். அந்தச் சாக்கெட்டுகளை எத்தனை வீட்டில் மாற்றிக் கொடுத்தேனோ! பிறகு இரண்டு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து, நடுவில் ஒரு தள்ளுசுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். வீட்டுச் சண்டையில் பாதி அதில் குறைந்தது. மீதிப் பாதி நேரத்துக்கான சண்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து பெங்களூர் ரயில் வரும்வரைதான் பிள்ளைகளுக்கு. அம்மாவோ அப்பாவோ வீடு திரும்பினால் டிவி சீரியலுக்கும் செய்திக்கும் போய்விடும்.

மாரிக்குப்பம் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, அடாப்டர் போய்விட்டது என்று வந்தாள். கையில் கட்டுரை நோட்டு. பத்து, இருபது, முப்பது என்று வரி எண் போட்டு, பேசிக் புரோகிராம்களை அதில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். வாய்ப்பாடு திரையில் வர ஒன்று, ரயில் சீசன் டிக்கெட்டால் மாதம் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட ஒன்று. ஏன் நோட்டில் எழுதினாய் என்று கேட்டேன். "கரண்ட் போனா எல்லாம் போயிடுது அண்ணா, மறுபடி பார்த்து அடிக்கணும்ல" என்றாள். அந்தப் பெட்டிக்கு எழுதியதைச் சேமிக்கும் வசதி கிடையாது. ராம் 2 கிலோபைட்தான். தப்பு வந்த வரியை அடித்துத் திருத்தி, பக்கத்தில் தேதி போட்டிருந்தாள். புரோகிராம் எழுதுகிறவருக்கு வேண்டிய ஒழுக்கம் முழுக்க அந்த நோட்டில் இருந்தது. அடாப்டருக்கு நான் காசு வாங்கவில்லை.

இது உண்மையான கம்ப்யூட்டர் இல்லை, பிள்ளைகளை ஏமாற்றும் பொம்மை என்று சொன்ன படித்தவர்கள் ஊரில் உண்டு. அவர்கள் சொன்னது தப்பு. டெரெக் லோமஸ் என்ற அமெரிக்க மாணவர் பெங்களூர் மார்க்கெட்டில் இதே மாதிரிப் பெட்டி ஒன்று பன்னிரண்டு டாலருக்கு விற்பதைப் பார்த்து அசந்துபோனார். 2008-இல் அதை எம்.ஐ.டி.யில் நடந்த வடிவமைப்பு மாநாட்டுக்குக் கொண்டுபோய், ஏழைப் பிள்ளைகளுக்கு இதில் நல்ல பாடங்கள் செய்து கொடுக்கலாம் என்று 'ப்ளேபவர்' என்ற திட்டத்தையே தொடங்கினார். அந்தப் பெட்டிக்கு என்ன மதிப்பு என்று எங்கள் லைன் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே தெரியும்.

இப்போது எச்.டி.எம்.ஐ. ஒயர் ஒன்றைச் சொருகினால் லேப்டாப் டிவியில் வந்துவிடுகிறது. மெக்கானிக் வேண்டாம், நல்லதுதான். சுரங்கத்தைப் பற்றியும் தங்கத்தைப் பற்றியும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். வேலை போன ஊர் தன் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்த வருஷங்களுக்குச் சாட்சி, பரணில் கிடக்கும் அந்தப் பெட்டிகள்தான். தங்கவயல், பங்காருபேட்டை பக்கத்து வீடுகளில் டிவி கம்ப்யூட்டரோ அதன் கேசட்டுகளோ இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய அடாப்டரில் ஓட்டிப் பார்க்காமல், அதே வோல்டேஜில் புதிதாக ஒன்று வாங்கி ஓட்டுங்கள். கூடவே பென்சிலில் எழுதிய நோட்டு ஏதாவது இருந்தால் அதை முதலில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பெட்டி இன்னொன்று கிடைக்கும், அந்த நோட்டு கிடைக்காது.