வில்வண்டி முதல் குட்டி யானை வரை

நம் ஊர் மாட்டு வண்டிகளில் இருவகை உண்டு. நெல் மூட்டையும் எருவும் ஏற்றும் கட்டை வண்டி ஒன்று. பெரியவர்களும் மணமக்களும் ஏறிச் செல்லும் வில்வண்டி மற்றொன்று. கட்டை வண்டியின் சட்டம் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வில்வண்டியில் இரண்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு இருக்கும். அந்த அடுக்கே 'வில்'. சரக்கேற்றும் பிக்கப் வண்டி ஒன்றின் பின்சக்கரத்தருகே குனிந்து பாருங்கள். பெரும்பாலும் அதே வில்லைக் காண்பீர்கள். மோட்டார் வண்டியில் எத்தனையோ மாறியும் இந்தப் பட்டை அடுக்கு நிலைத்தது ஏன்?

ஹூக் கண்ட வண்டி

பழைய ஐரோப்பியக் கோச்சு வண்டிகளில் பெட்டியைத் தோல் வார்களில் தொங்கவிட்டிருந்தார்கள். 1665ஆம் ஆண்டு மே முதல் நாள், லண்டனுக்கு அருகே கர்னல் பிளவுன்ட் என்பவரின் இல்லத்தில் குலுங்காத வண்டிக்கான சோதனைகள் நடந்தன. பார்க்கச் சென்ற ராயல் சொசைட்டி அறிஞர்களுள் ராபர்ட் ஹூக்கும் ஒருவர். வண்டிப்பெட்டி முழுவதும் ஒரே நீண்ட வில்லின் மேல் அமைந்த வண்டி மிகச் சுகமாக ஓடியது என்று உடன் சென்ற சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1678இல் ஹூக் தம் விதியை விளக்கி வெளியிட்டார். மீட்சி எல்லைக்குள், சுமை இருமடங்கானால் வளைவும் இருமடங்காகும் என்பதே அதன் சாரம்.

1804இல் லண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் நீள்வட்ட வடிவப் பட்டை வில்லைக் கொண்டுவந்தார். முன்னச்சையும் பின்னச்சையும் இணைத்த கனத்த நடுக்கட்டை தேவையற்றதாயிற்று. அச்சைப் பிடித்து நிறுத்தும் வேலையையும் வில்லே ஏற்றுக்கொண்டது.

ஏன் பல பட்டைகள்?

ஒரே கனத்த பட்டை போதாதா? போதாது. பட்டை வளைய மறுக்கும் தன்மை அதன் கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. கனம் 3 மடங்கானால் விறைப்பு 27 மடங்காகும். அதே எஃகை மூன்று மெல்லிய பட்டைகளாக அடுக்கினால் விறைப்பு 3 மடங்குதான். மேலும், வில்லின் நடுவில்தான் வளைக்கும் திருப்புத்திறன் மிகுதி; முனைகளை நோக்கி அது குறைகிறது. ஆகவே நடுவில் பட்டைகள் பலவாகவும் முனைகளில் சிலவாகவும் இருக்கும்படி நீளம் குறைத்துக் குறைத்து அடுக்குகிறார்கள்.

வில் அதிர்ச்சியை விழுங்கிவிடுவதில்லை. ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. அதனால் பள்ளத்தில் இறங்கிய வண்டி பலமுறை ஏறி இறங்கும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வது இந்த அலைவைச் சிறிது அடக்கும். ஃபோர்டின் டி மாடல் கார் 1908இல் வந்தபோது பெரும்பாலும் இந்த உராய்வையே நம்பியிருந்தது. 1927இல் வந்த ஏ மாடலிலோ எண்ணெயைச் சிறு துளை வழியே தள்ளி அலைவை வெப்பமாக மாற்றும் ஷாக் அப்சார்பர் பொருத்தப்பட்டிருந்தது.

பிக்கப்பின் சங்கடம்

1925இல் ஃபோர்டு நிறுவனம் டி மாடலின் பின்புறம் சரக்குப் பெட்டி வைத்து, தொழிற்சாலையிலேயே முழுமையாக்கி 281 டாலருக்கு விற்றது. அதில் அச்சுக்கு ஒன்றாக வில் குறுக்கே கிடந்தது. பின்வந்த பிக்கப்புகளில் பின்சக்கரத்துக்கு ஒன்றாக நீளவாக்கில் அமைந்தது.

பிக்கப்பின் சங்கடத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பின்வில்கள் தாங்கும் பொருண்மை வெற்று வண்டியில் 250 கிலோகிராம், சுமையோடு 1000 கிலோகிராம் என்று கொள்வோம். சுமையோடு வில் 11 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் வண்டி வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை முறை அலையும், பயணம் இதமாயிருக்கும். பொருண்மை நான்கில் ஒன்றானால் அதிர்வெண் இருமடங்காகும். வெற்று வண்டி வினாடிக்கு மூன்று முறை உதறும். இதைக் குறைக்கவே பல பிக்கப்புகளில் அடியில் துணைப்பட்டை வைக்கிறார்கள். சுமை ஏறிய பிறகே அது வேலைக்கு வரும்.

கார்கள் சுருள்வில்லுக்கு மாறின. 1968இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் கூட முன்புறம் சுருள்வில்லை ஏற்றது. பின்புறம் பட்டை வில்லையே வைத்துக்கொண்டது. 2009 மாடல் டாட்ஜ் ராம் 1500 போன்ற சில வண்டிகள் பின்புறத்திலும் சுருள்வில்லை ஏற்றன. ஆனால் சுருள்வில்லால் அச்சைப் பிடித்து வைக்க முடியாது. அதற்குத் தனித் தண்டுகள் வேண்டும். பட்டை வில் இரு வேலையையும் மலிவாகச் செய்கிறது. 2005இல் வந்து, தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் முன்னும் பின்னும் பட்டை வில்லோடுதான் வந்தது.

கூடுதல் பட்டை

என் வீட்டு வேலைக்குச் செங்கல் கொண்டுவந்த ஓட்டுநர் ஒருவர், "ஒரு பட்டை கூடப் போட்டாச்சு சார், இனி எவ்வளவு வேணாலும் ஏத்தலாம்" என்றார். "பிரேக்குக்கு என்னங்க கூடப் போட்டீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

சிரித்துவிட்டுப் போகக்கூடியதா இது? கூடுதல் பட்டையால் வண்டி தாழாமல் நிற்கும்; அவ்வளவே. அச்சு, டயர், சட்டம், பிரேக் ஆகியவற்றின் வலிமை கடுகளவும் கூடுவதில்லை. தாழ்ந்து நிற்கும் வண்டி சுமை மிகுதி என்று எச்சரிக்கிறது. கூடுதல் பட்டை அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. திரும்பி வரும்போது விறைத்த வில்லின்மேல் வெற்று வண்டி துள்ளும். சக்கரம் தரையை விட்ட கணத்தில் பிரேக் பயன்படாது.

செய்ய வேண்டியவை எளியவை. சமதரையில் நிறுத்தி இருபக்க உயரத்தையும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பட்டை தளர்ந்தோ முறிந்தோ இருக்கலாம். பட்டையில் கோடாகத் துரு தெரிந்தால் விரிசல் உண்டா என ஆராய வேண்டும். முறிந்த பட்டையைப் பற்றவைக்கக் கூடாது. பதப்படுத்திய எஃகு அந்தச் சூட்டில் பதம் இழந்துவிடும். யூ போல்ட் தளர்ந்தால் நடு போல்ட் அறுந்து அச்சே விலகக்கூடும். வில்லை மாற்றியபின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மீண்டும் முறுக்குவது நல்லது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். புஷ்களின் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும்.

ஹூக்கின் விதி மீட்சி எல்லைக்குள் மட்டுமே செல்லும். வண்டியில் எழுதியுள்ள சுமை அளவும் அத்தகைய ஓர் எல்லையே. பட்டையைக் கூட்டுவதால் அது நகராது.