கலைக்களஞ்சியம் யார் சொத்து?

பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொணர்ந்தது கலைக்களஞ்சியம். எழுதியவர்களோ பல நூறு பேர். 1949இல் பாரதி பாடல்களைப் பொதுவாக்க அரசு பேசியது அவர் குடும்பத்தாரிடமும் ஏவி.எம். செட்டியாரிடமும்தான். இங்கே வாரிசுகள் மாட்டுங்காவிலா, டொராண்டோவிலா, யார் கண்டது!

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி ஒருவர் தம் உரிமையைத் துறக்கலாம். 2012 திருத்தத்துக்குப் பின் பொது அறிவிப்பே போதும். ஆனால் கூட எழுதியவர் உரிமையை அது தொடாது. பிரிக்க முடியாதபடி இருவர் சேர்ந்து எழுதியிருந்தால், கடைசியாக மறைந்தவரிலிருந்து 60 ஆண்டு கணக்கு. தனித்தனிக் கட்டுரையென்றால் ஆளுக்கொரு கணக்கு.

அதனால்தான் குர்லாவில் நம் மலருக்குக் கட்டுரை வாங்க வரும் தம்பிகளிடம், "கையோட ஒரு தாள்ல உரிமை பத்தியும் எழுதி வாங்கிடுங்கப்பா" என்கிறேன்.