அபினிப் பதிவேடும் ஊசி அறையும்: போதை உடல் குறித்துச் சில குறிப்புகள்

2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரக் காவல்படை ஓர் இலங்கைப் படகை மடக்கியது. சுமார் 100 கிலோ ஹெராயின். படகு, துப்பாக்கி, பொட்டலக் கணக்கு எல்லாம் செய்தியாயின. அந்தத் தூளை நரம்பில் ஏற்றிக்கொள்ளும் உடல் மட்டும் செய்தியில் இல்லை. ‘ஊசி போடுற பய’ என்பதோடு ஊர்ப்பேச்சும் முடிந்துவிடுகிறது.

ஆனால் அரசு அந்த உடலைக் கண்டுகொள்ளாமல் இருந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அது வருவாய். உரிமம் பெற்ற கடைகளில் அபினி விற்றது. 1893இல் அமைக்கப்பட்ட ராயல் கமிஷன், தடை தேவையில்லை என்று 1895இல் அறிக்கை தந்தது. (பரிவுதான், கஜானாவின் மேல்.) அக்கரையில் இலங்கை 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அபினி உண்போரைப் பதிவேட்டில் ஏற்றியது. இங்கே 1959இல் மருத்துவத்துக்கல்லாத விற்பனை நிறுத்தப்பட்டபோதும், பதிவு பெற்றவர்களுக்கு அளவு அபினி கிடைத்தது.

1985இன் போதைப்பொருள் சட்டத்தில் இந்த உடல் குற்றத்தின் இடமாகிறது. 27ஆம் பிரிவு உட்கொள்பவரைத் தண்டிக்கிறது. 25ஆம் பிரிவு, தெரிந்தே இடம் கொடுத்தவரையும். அடுத்து வந்தது கிருமி. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது, 1989-90இல் மணிப்பூரில் ஊசி போடுவோரிடையே சில மாதங்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பரவியது. அதன் பிறகே சுத்தமான ஊசியும் புப்ரெனார்பின் மாத்திரையும் அரசுத் திட்டங்களாயின. இன்றும் அந்த மாத்திரையை நாக்கடியில் வைத்து, கரையும்வரை செவிலியர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதாவது, மேற்பார்வையில் உட்கொள்ளுதல் நமக்குப் புதிதே அல்ல. ஊசி என்றதும்தான் கை நடுங்குகிறது.

ஊசி அறை முதலில் திறந்தது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், 1986இல். மருந்தை அவரவரே கொண்டுவருவார்கள், அவரவரே போட்டுக்கொள்வார்கள். செவிலியர் சுத்தமான ஊசி கொடுப்பார். பிறகு மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹெராயின் மிகுந்தால் வலிக்காது. மூச்சு மெல்லக் குறைந்து நின்றுபோகும். பக்கத்தில் ஆள் இருந்தால் பிராணவாயுவும் நலோக்சோனும் போதும். தனியே கிடப்பவன்தான் சாகிறான். சிட்னியில் 2001இல் திறந்த அறையில் பத்து லட்சம் முறைக்கு மேல் ஊசி போடப்பட்டிருக்கிறது; ஓர் உயிரும் போகவில்லை.

முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லில் கால்வைத்து இறங்குபவருக்கு மேலே படகில் கயிறு பிடிக்க ஒருவர் உண்டு. மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள். உடன்பிறந்தவள் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதல்லவா! ‘ஏன்லே இறங்குன’ என்று கேட்டுவிட்டு எந்த மச்சானும் கயிறு இழுப்பதில்லை.

சிட்னி அறையை நடத்த முதலில் முன்வந்தவர்கள் கத்தோலிக்கக் கன்னியர். 1999இல் வத்திக்கான் தடுத்தது. வேறொரு சபை ஏற்றது. பனிமயமாதாவின் கரையில் இது பேசப்பட வேண்டிய சேதி.

செவிலியரின் கண்ணும் அதிகாரத்தின் கண்தானே என்று நம் நண்பர்கள் கேட்பார்கள். ஆம், கண்தான். ஆனால் கலால்காரன் கண் அளவைப் பார்த்தது, காவலர் கண் பையைப் பார்க்கிறது, இந்தக் கண் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறது. மூன்றையும் ஒன்றாக்குவது கோட்பாட்டுச் சோம்பேறித்தனம்.

1985 சட்டத்தின் 71ஆம் பிரிவு, பதிவு பெற்ற பழக்கத்தினருக்கு மருந்தே வழங்கும் மையங்களை அரசு திறக்கலாம் என்கிறது. பழைய பதிவேடு அங்கே மிச்சமிருக்கிறது. ஆனால், அவன் கொண்டுவந்ததை அவனே போட்டுக்கொள்ள ஓர் அறையும் நாற்காலியும் கொடுக்கிற செவிலியர் 25ஆம் பிரிவின் முன் யார் என்பதற்கு அதில் பதில் இல்லை.